8085 கிட்டுகளைக் கண்டம் செய்யுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் பாலிடெக்னிக்குகளுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. அவற்றின் ஸ்டோர் ரூம் அலமாரிகளில், இன்டெல்லின் 8085 என்ற 8-பிட் செயலியை மாணவர்கள் பழகுவதற்கான டிரெய்னர் கிட்டுகள் தூசி படிந்து கிடக்கின்றன. இருப்புப் பதிவேட்டில் 'கண்டம்', அதாவது பயனற்றது, என்று எழுதி, உடைந்த நாற்காலிகளோடு சேர்த்து ஏலத்துக்கு அனுப்புவதே வழக்கம். அதற்கு இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். ஒன்று, கிட் வேலை செய்யவில்லை. மற்றொன்று, வேலை செய்தாலும் 1976-இல் வந்த செயலியை இன்று படித்து என்ன பயன். இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. இந்தக் கிட்டுகளில் பெரும்பாலானவற்றைக் கல்லூரி ஆய்வகத்திலேயே சரிசெய்யலாம். சரிசெய்தபின் அதே செயலியை மாணவர்கள் எஃப்.பி.ஜி.ஏ. (உள்சுற்றை நாமே வகுத்துக்கொள்ளக்கூடிய சிப்) போர்டில் மீண்டும் கட்டி, இன்டெல் விட்ட இடத்திலிருந்து வளர்க்கவும் முடியும். அதற்கான வழியைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். பொறுத்தருளி வெளியிட வேண்டுகிறோம்.

முதலில் 'பழையது' என்ற குற்றச்சாட்டு. 8085-க்குள் இருப்பவை சுமார் 6,500 டிரான்சிஸ்டர்கள். எந்த டி-ஸ்டேட்டில், அதாவது எந்தக் கிளாக் துடிப்பில், எந்தக் கம்பி ஏறுகிறது, எது இறங்குகிறது என்பதுவரை ஒரு டிப்ளமோ மாணவர் முழுமையாகத் தெரிந்துகொள்ளக்கூடிய செயலி இது. 1978-இல் 8086 வந்தபோது, 8085 அசெம்பிளி நிரல்களை வரிக்கு வரி மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதியை இன்டெல் காப்பாற்றியது. ஒரு கணக்கின் விளைவைக் குறித்துவைக்கும் ஃப்ளாக் ரெஜிஸ்டரில் கேரி 0-ஆம் பிட், பாரிட்டி 2, ஆக்சிலரி கேரி 4, ஜீரோ 6, சைன் 7. இன்றைய இன்டெல், ஏ.எம்.டி. மடிக்கணினிச் செயலிகளின் ஃப்ளாக் ரெஜிஸ்டரிலும் கடைசி பைட் இதே வரிசையில்தான் இருக்கிறது. 64-பிட் காலத்துக்குப் புத்தம் புதிதாக வகுத்து 2001-இல் விற்பனைக்கு வந்த ஐட்டானியம் 2021-இல் முடிந்துபோனது. பழைய 8086 வழியை 64 பிட்டுக்கு நீட்டி ஏ.எம்.டி. 2003-இல் கொண்டுவந்த வடிவமே இன்று எங்கும் ஓடுகிறது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. இஸ்ரோவின் ஏவுகலங்களில் 2009 முதல் பயன்படும் 16-பிட் விக்ரம் 1601 செயலியைத் தூக்கி எறியவில்லை. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகமும் அதை 32 பிட்டுக்கு விரித்து, மிதவைப் புள்ளிக் கணக்கையும் சேர்த்து, விக்ரம் 3201 ஆக்கின. பி.எஸ்.எல்.வி. சி-60 ஏவுதலில் அது சோதிக்கப்பட்டு, 2025 மார்ச்சில் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டது. இருக்கும் வடிவமைப்பை வளர்ப்பது பொறியியலில் தலையாய வேலை. அதைப் பழக நம் மாணவர்களுக்குக் கையில் இருக்கும் மிக மலிவான கருவி இந்தக் கிட்.

இனி பழுது பார்ப்பது. அலமாரியிலிருந்து எடுத்த கிட்டை நேரே மின்சாரத்தில் செருகக் கூடாது. முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். ரேமில் ஏற்றிய நிரல் அழியாமலிருக்கப் பல கிட்டுகளில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் அது கசியும். கசிவது காரம். பச்சையாகப் படர்ந்து செப்புத் தடத்தையும், போர்டின் துளைகளுக்குள் பூசியிருக்கும் செப்பையும் அரித்துவிடும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை நீர் கலந்த வினிகரில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். காய வைக்க வேலூர் வெயில் இருக்கிறதே என்று அப்படியே மொட்டை மாடியில் வைத்துவிட வேண்டாம். கிட்டின் நிலையான நிரல் இருக்கும் ஈப்ராம் சிப்பின் கண்ணாடிச் சன்னல் நேர் வெயிலைப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் உள்ளிருப்பது அழிந்துவிடும். ஸ்டிக்கர் உதிர்ந்த ஈப்ராம் டியூப்லைட் வெளிச்சத்திலேயே மூன்று ஆண்டில் அழியலாம் என்று தரவுத்தாள்கள் சொல்கின்றன. எனவே ஈப்ராமை முதலில் கழற்றி, சன்னல்மேல் கறுப்பு டேப் ஒட்ட வேண்டும்.

கழற்றிய கையோடு அதை யூனிவர்சல் புரோகிராமர் கருவியில் வைத்து, மின்சாரம் வந்ததும் கிட்டை இயக்கும் மானிட்டர் நிரலைப் படித்துச் சேமிக்க வேண்டும். இந்த வேலையை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம். கிட் தயாரித்த நிறுவனம் இன்று இல்லாமலிருந்தால் அந்த நிரலுக்கு வேறு பிரதி கிடைக்காது. இரண்டு முறை படித்து ஒப்பிட வேண்டும். இரண்டும் மாறுபட்டால் சில பிட்டுகளில் மின்னூட்டம் குறைந்துவிட்டது என்று பொருள். புரோகிராமரில் படிக்கும் மின்னழுத்தத்தை 4.5 வோல்ட்டுக்குக் குறைத்தால், 1 ஆக மாறத் தொடங்கிய பிட் மீண்டும் 0 ஆகப் படிக்க வாய்ப்புண்டு. சரியான பிரதியை மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய 28சி64பி வகை இ.இ.ப்ராமில் எழுதி, பழைய ஈப்ராமான 2764 இருந்த அதே சாக்கெட்டில் வைக்கலாம். 27-ஆம் பின் கிட்டில் 5 வோல்ட்டில் கட்டியிருக்கிறதா என்று மட்டும் மீட்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். இ.இ.ப்ராமில் அது எழுதும் பின். மிதந்துகொண்டிருந்தால் நிரல் தானாகவே கெடும்.

கிட்டுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.-ஐத் தனியே சோதிக்க வேண்டும். சுமையில்லாமல் 5 வோல்ட் காட்டுவது, சுமை வந்ததும் 4-க்கு இறங்கும். 5 வோல்ட் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டினால் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். அப்போது 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் நின்றால் சரி. உச்சி உப்பிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை யோசிக்காமல் மாற்றிவிடலாம். நம் ஊர் வெப்பத்தில் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அவை முதலில் வறண்டுபோகும் பாகம். 105 டிகிரி வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். கூட்டல் கழித்தல் 12 வோல்ட் பெரும்பாலும் சீரியல் போர்ட்டின் 1488 ஐசிக்காகத்தான். அது இல்லாமலே மானிட்டர் நிரல் எழும். எனவே முதல் சோதனைக்கு 5 வோல்ட் மட்டும் போதும்.

சாக்கெட்டில் உள்ள ஐசிகளை ஒருமுறை கழற்றிச் செருகினாலே பாதிக் கிட்டுகள் பேசத் தொடங்கிவிடும். சாக்கெட் கால்களில் படிந்த ஆக்சைடுதான் அங்கே நோய். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் இன்னொன்றும் சேர்கிறது. தோல் பதனிடும் கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, வெள்ளி பூசிய தொடர்புகளைக் கறுக்க வைக்கும். அழுத்தினாலும் பதியாத சாவிகளுக்கு அதுவும் ஒரு காரணம். காண்டாக்ட் கிளீனர் தெளித்து ஒவ்வொரு சாவியையும் பலமுறை அழுத்த வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் ஐசி கால்களுக்கு நடுவே காய்ந்திருந்தால் அதையும் சுரண்டாமல் ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்க வேண்டும். பக்தியோடு வைத்ததுதான். ஆனாலும் ஈரம் பட்டால் அது மின்சாரம் கடத்தும்.

இப்போது மின்சாரம் கொடுக்கலாம். 8085-இன் 40-ஆம் பின்னில் 5 வோல்ட், 20-இல் கிரவுண்டு. 37-ஆம் பின்னில் கிளாக்: கிரிஸ்டல் 6.144 மெகாஹெர்ட்ஸ் என்றால் இங்கே அதில் பாதி, 3.072 வர வேண்டும். 36-ஆம் பின் ரீசெட் இன், மேலே (5 வோல்ட் பக்கம்) இருக்க வேண்டும். கீழேயே நின்றால் ரீசெட் சுற்றின் கெப்பாசிட்டர் கசிகிறது. 35-ஆம் பின் ரெடி மேலேயும், 39-ஆம் பின் ஹோல்டு கீழேயும் இருக்க வேண்டும். ரெடி கீழே மாட்டிக்கொண்டால் கிளாக் நன்றாக இருக்கும், ஆனால் செயலி முதல் கட்டளையைப் படிக்கும் ஃபெட்சிலேயே காத்துக்கொண்டு நிற்கும். முகவரி வெளிவருவதைக் காட்டும் 30-ஆம் பின் ஏ.எல்.இ.-யில் ஓயாத துடிப்பு இருந்தால் செயலி உயிரோடு இருக்கிறது.

அப்படியும் டிஸ்ப்ளே வரவில்லை என்றால் நோ-ஆப் சோதனை. ஈப்ராம், ரேம் இரண்டையும் கழற்றிவிட்டு, 12 முதல் 19 வரையுள்ள எட்டு டேட்டா பின்களையும் தலா 1 கிலோ ஓம் மூலம் கிரவுண்டுக்கு இழுக்க வேண்டும். செயலி எங்கே படித்தாலும் 00 கிடைக்கும். 00 என்றால் நோ-ஆப். ஒன்றும் செய்யாமல் அடுத்த முகவரிக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு நோ-ஆப்புக்கு 4 டி-ஸ்டேட். 65,536 முகவரிகளையும் ஒரு சுற்று வர 2,62,144 டி-ஸ்டேட், அதாவது சுமார் 85 மில்லி நொடி. ஆகவே 28-ஆம் பின்னான ஏ15-இல் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை ஏறி இறங்கும் சதுர அலை சி.ஆர்.ஓ. அலைகாட்டியில் தெரிய வேண்டும். 27-ஆம் பின்னில் அதன் இரு மடங்கு, 26-இல் நான்கு மடங்கு. எட்டு மேல் முகவரிக் கம்பிகளையும் இப்படியே பார்த்துவிடலாம். ஒன்று மட்டும் அசையவில்லை என்றால் அந்தத் தடத்தில் வெட்டோ ஒட்டோ உண்டு. 10 கிலோ ஓம் போட்டால் போதாதா என்றால் போதாது. அதே கம்பியில் இருக்கும் முகவரியைப் பிடித்துவைக்கும் 74எல்எஸ்373 லாட்சின் உள்ளீடு கசியவிடும் மின்னோட்டமே 10 கிலோ ஓமில் மின்னழுத்தத்தை மேலே தூக்கி, 00-ஐ வேறு எண்ணாக்கிவிடலாம்.

இதற்கு நேர் எதிரான அறிகுறி ஒன்று. ஈப்ராம் செத்திருந்தாலோ, அதைத் தேர்ந்தெடுக்கும் சிப் செலக்ட் வராவிட்டாலோ, டேட்டா பஸ் பெரும்பாலும் எல்லாம் 1 ஆகப் படிக்கும். எல்லாம் 1 என்பது ஆர்.எஸ்.டி. 7 என்னும் தாவல் கட்டளை. செயலி 0038 ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) முகவரிக்குத் தாவும், அங்கேயும் அதே கட்டளை, மீண்டும் தாவும். ஒவ்வொரு தாவலிலும் திரும்பும் முகவரியை மெமரியில் ஸ்டாக் என்னும் பகுதியில் எழுதும். ஆகவே படிக்க மட்டும் வேண்டிய நேரத்தில் 31-ஆம் பின் ரைட் விடாமல் துடித்தால், செயலியைச் சந்தேகிக்காமல் ஈப்ராம் பக்கம் போக வேண்டும். இதைத் தெரியாமல் நல்ல 8085-ஐக் குப்பையில் போட்டவர்கள் ஏராளம்.

கிட் எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அதே செயலியைக் கட்டுவது. 8,640 எல்.யூ.டி. (சிறு தர்க்க அலகு) கொண்ட டாங் நானோ 9கே போன்ற சிறு போர்டில் 8085 தாராளமாக அடங்கும். உள் பிளாக் ரேம் 468 கிலோபிட் என்று அட்டையில் போட்டிருக்கும். எட்டால் வகுத்து 58 கிலோபைட் கிடைக்கும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். 18 கிலோபிட் பிளாக்கை 8-பிட் அகலத்தில் எடுக்கும்போது 16 கிலோபிட்தான் பயன்படும். 26 பிளாக்கிலும் சேர்த்து 52 கிலோபைட். 8085 பார்க்கும் 64 கிலோபைட்டையும் உள்ளே வைக்க முயன்றால், வடிவமைப்பைச் சுற்றாக்கும் சின்தசிஸ் மென்பொருள் மறுத்துவிடும்.

இணையத்தில், 8085-க்கு முந்தைய 8080-க்கான திறந்த கோர்கள் (எஃப்.பி.ஜி.ஏ.-யில் ஏற்றும் செயலி வடிவமைப்புகள்) கிடைக்கின்றன. அவற்றை இறக்கி 8085 என்று பெயர் மாற்றிக்கொள்வது பெருந்தவறு. இன்டரப்ட் நிலையைப் படிக்கவும் தடுக்கவும் உதவும் ரிம், சிம் கட்டளைகள் அவற்றில் இல்லை. டிராப், ஆர்.எஸ்.டி. 7.5, 6.5, 5.5 ஆகிய, ஓடும் வேலையை இடைமறிக்கும் நான்கு இன்டரப்ட் பின்களும் இல்லை. அவை முறையே 0024, 003சி, 0034, 002சி ஹெக்ஸுக்குத் தாவ வேண்டும். நேரக் கணக்கும் வேறு. ரெஜிஸ்டரிலிருந்து ரெஜிஸ்டருக்கு மூவ், 8080-இல் 5 டி-ஸ்டேட், 8085-இல் 4. ரெஜிஸ்டர் ஜோடியில் ஒன்று குறைக்கும் டி.சி.எக்ஸ். அங்கே 5, இங்கே 6. நிபந்தனைத் தாவல் நிறைவேறாவிட்டால் 8085-இல் 7, 8080-இல் எப்போதும் 10. பிட்டுகளை ஆண்ட் செய்யும் ஏ.என்.ஏ. கட்டளைக்குப் பின் ஆக்சிலரி கேரி 8085-இல் எப்போதும் 1. 8080-இல் அது எண்களின் 3-ஆம் பிட்டைப் பொறுத்தது. இதைக் கவனிக்காவிட்டால் தொடர்ந்து வரும், விடையைத் தசம எண்ணாகத் திருத்தும் டி.ஏ.ஏ. தவறான விடை தரும், எங்கே பிழை என்று தேடி வாரம் போகும்.

கிளாக்கிலும் ஒரு சூட்சுமம். அந்தப் போர்டின் கிரிஸ்டல் 27 மெகாஹெர்ட்ஸ். ஒன்பதால் வகுத்தால் 3.0 கிடைக்கும், கிட்டத்தட்ட சரி என்று தோன்றும். ஆனால் 6.144 கிரிஸ்டலைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. 3.072 மெகாஹெர்ட்ஸை, சீரியல் வேகமான நொடிக்கு 9,600 பிட்டால் வகுத்தால் சரியாக 320 டி-ஸ்டேட். சீரியல் வெளியீடு, உள்ளீடான எஸ்.ஓ.டி., எஸ்.ஐ.டி. பின்கள் வழியாக மென்பொருளிலேயே சீரியல் அனுப்பும் மானிட்டர் நிரல்கள் இதை நம்பி எழுதப்பட்டவை. 3.0-இல் ஓடினால் 2.3 சதவீதம் பிசகும். சில கணினிகளோடு பேசும், சிலவற்றோடு எழுத்து சிதறும். அதற்குப் பதில் 27 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணியில் 128 கூட்டி, 1125-ஐத் தாண்டும்போது 1125 கழித்து ஒரு அனுமதித் துடிப்பு விட்டால் சரியாக 3.072 வரும். அந்தத் துடிப்பை கிளாக் கம்பியாகப் பயன்படுத்தக் கூடாது. எல்லா ஃபிளிப்ஃபிளாப்புக்கும் 27 மெகாஹெர்ட்ஸே கிளாக். இது 'எனேபிள்' மட்டும். எல்.யூ.டி. வழியே வரும் கிளாக்கில் முள் போன்ற சிறு துடிப்புகள் தோன்றி, காரணமில்லாமல் நிரல் தாறுமாறாகும்.

வேகமாகத்தான் ஓடட்டுமே என்ற ஆசையை முதலில் அடக்க வேண்டும். ஆய்வகப் பதிவேட்டில் உள்ள தாமத நிரல் டி.இ. ரெஜிஸ்டர் ஜோடியில் எஃப்எஃப்எஃப்எஃப் ஏற்றி, குறைத்து, இரண்டையும் ஆர் செய்து, பூஜ்யமில்லாவிட்டால் திரும்புவது. சுற்றுக்கு 24 டி-ஸ்டேட், மொத்தம் அரை நொடிக்குச் சற்று மேல். 27 மெகாஹெர்ட்ஸில் அது 58 மில்லி நொடியாகிவிடும். அதே விகிதத்தில் சுருங்கிய தாமதத்தில் ஸ்டெப்பர் மோட்டார் திரும்பாது, முனகிக்கொண்டு நிற்கும்.

கட்டிய கோரைக் கிட்டின் 40-பின் சாக்கெட்டிலேயே செருகிப் பார்ப்பதுதான் உண்மையான தேர்வு. இங்கே மின்னழுத்தம் எதிரி. கிட் 5 வோல்ட், எஃப்.பி.ஜி.ஏ. 3.3. நேரடியாகக் கொடுத்தால் எஃப்.பி.ஜி.ஏ. பின் கருகும். எட்டு டேட்டா கம்பிகளுக்கு இருபுறமும் போகும் 74எல்விசி8டி245 ஒன்று வேண்டும். செயலிக்கு உள்ளே வருபவை ஒன்பது. ஹோல்டைக் கிரவுண்டில் கட்டிவிட்டால் எட்டு. 3.3 வோல்ட்டில் இயங்கும் 74எல்விசி245 ஒன்றில் அவை சரியாக அடங்கும். வெளியே போபவை ஹோல்டு ஏற்பு நீங்கலாகப் பதினெட்டு. 5 வோல்ட்டில் 74ஹெச்சிடி541 மூன்று. இங்கே ஹெச்.சி. வகையை வாங்கிவிடக் கூடாது. 5 வோல்ட்டில் அதற்கு 3.5 வோல்ட் வந்தால்தான் 1 என்று புரியும், 3.3-இல் ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. ஹெச்.சி.டி.-க்கு 2 வோல்ட் போதும். டேட்டா திசைக் கம்பியோடு சேர்த்து 35 பின்கள் 3.3 வோல்ட் பாங்கில் இருக்க வேண்டும். சிறு போர்டுகளில் சில பின்கள் 1.8 வோல்ட் பாங்கில் இருக்கும், படத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டு வாங்க வேண்டும். கிட்டின் கிரிஸ்டலைக் கழற்றிவிடலாம். ஆனால் 37-ஆம் பின்னில் 3.072 கட்டாயம் வர வேண்டும். சாவிகளையும் டிஸ்ப்ளேயையும் கவனிக்கும் 8279 அதை 31-ஆல் வகுத்துத்தான் தன் ஏறத்தாழ 100 கிலோஹெர்ட்ஸை உண்டாக்குகிறது. அங்கே வேகமான கிளாக்கைக் கொடுத்தால் டிஸ்ப்ளே உளறும்.

இப்போது வளர்ப்பது. 8080-இல் 256 ஆப்கோடுகளில் (கட்டளை எண்களில்) 12 காலி. 8085-இல் 20, 30 ஹெக்ஸ் இரண்டையும் ரிம், சிம்முக்குக் கொடுத்தபின் மீதி பத்து. இந்தப் பன்னிரண்டு இடங்களைத்தான் ஜைலாக் நிறுவனம் இசட்80-இல் தன் கூடுதல் கட்டளைகளுக்கு எடுத்துக்கொண்டது. 8085-இன் பத்து இடங்களும் உண்மையில் காலி அல்ல. இன்டெல் அங்கே பத்துக் கட்டளைகளைப் பதித்துவிட்டு, கையேட்டில் சொல்லாமல் விட்டது. பிற்பாடு டண்ட்ரா நிறுவனம் தன் சிமாஸ் 8085 தரவுத்தாளில் அவற்றை வெளிப்படையாகவே அச்சிட்டது. 08 ஹெக்ஸ் ஹெச்.எல்.-இலிருந்து பி.சி. ஜோடியைக் கழிக்கும். 10 ஹெச்.எல்.-ஐ வலப்பக்கம் நகர்த்தும், 18 டி.இ.-யை இடப்பக்கம் சுழற்றும். 28-உம் 38-உம் முறையே ஹெச்.எல்., ஸ்டாக் பாயின்டரோடு ஒரு பைட்டைக் கூட்டி டி.இ.-யில் வைக்கும். டி9, இடி இரண்டும் டி.இ. சுட்டும் இடத்தில் ஹெச்.எல்.-ஐ எழுதும், படிக்கும். டிடி, எஃப்டி ஆகியவை கே என்னும் மறைந்த ஃப்ளாக்கைப் பார்த்துத் தாவும். சிபி, நிரம்பி வழிதலைக் காட்டும் வி ஃப்ளாக் 1 ஆனால் 0040-ஐ அழைக்கும்.

கே ஃப்ளாக்கின் அருமையை மேலே சொன்ன தாமத நிரலிலேயே காணலாம். டி.சி.எக்ஸ். ஜீரோ ஃப்ளாக்கைத் தொடாது. அதனால்தான் மூவ், ஆர் என்று இரண்டு கட்டளை கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆனால் 0000-இலிருந்து எஃப்எஃப்எஃப்எஃப்-க்கு இறங்கும்போது கே 1 ஆகும். டி.சி.எக்ஸ்., டிடி என்று இரண்டே கட்டளையில் 16 டி-ஸ்டேட்டில் சுற்று முடிந்துவிடும். பூஜ்யத்தைத் தாண்டிய பிறகே கே எழும் என்பதால் சுற்று ஒன்று கூடுதலாக ஓடும். எண்ணை ஒன்று குறைத்து ஏற்ற வேண்டும்.

முதலில் இந்தப் பத்தையும் உள்ளபடியே கட்டி முடிக்க வேண்டும். அதன் பிறகு புதியவற்றுக்கு இடம் வேண்டுமென்றால் ஒன்றைத் தியாகம் செய்தாக வேண்டும். எங்கள் தேர்வு சிபி. மற்ற ஒன்பதும் அன்றாடம் உதவுபவை. சிபி-யை முன்னொட்டாக்கினால் அதன்பின் வரும் பைட்டுக்கு 256 புதிய இடங்கள். அவற்றில் முதலாவதாகப் பெருக்கல். 8-பிட்டை 8-பிட்டால் நகர்த்திக் கூட்டிப் பெருக்கும் நிரல் 300 டி-ஸ்டேட்டுக்கு மேல், அதாவது 100 மைக்ரோ நொடி எடுக்கும். எஃப்.பி.ஜி.ஏ.-யின் பெருக்கியைக் கட்டளையாக இணைத்தால் இரண்டு ஃபெட்ச், 8 டி-ஸ்டேட், 2.6 மைக்ரோ நொடி. அடுத்து வகுத்தல். பூஜ்யத்தால் வகுத்தால் கேரியை 1 ஆக்கி ஹெச்.எல்.-ஐத் தொடாமல் விடுவது நல்லது.

இதில் எல்லாரும் விழும் குழி இன்டரப்ட். சிபி வந்தபின், இரண்டாம் பைட் வருமுன் இன்டரப்டை ஏற்றுக்கொண்டால், திரும்பி வரும்போது இரண்டாம் பைட் தனிக் கட்டளையாக ஓடும். முழுக் கட்டளையும் முடிந்த இடத்தில் மட்டுமே இன்டரப்டைப் பார்க்க வேண்டும். இன்னும் ஒதுக்காத இரண்டாம் பைட்டுகளை நோ-ஆப் ஆக விடுவதும் தவறு. நாளை அங்கே புதுக் கட்டளை வைத்தால் பழைய நிரல் சத்தமில்லாமல் கெடும். 0040-க்குத் தாவி நிற்கும்படி செய்துவிட்டால் பிழை உடனே கண்ணில் படும்.

மெமரியை நீட்ட, 64 கிலோபைட்டை 16 வீதம் நான்கு சன்னல்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் 8-பிட் பாங்க் ரெஜிஸ்டர் வைத்தால் 4 மெகாபைட் எட்டும். ஆனால் நான்கையும் மாற்றவிடக் கூடாது. இன்டரப்ட் முகவரிகள் முதல் சன்னலில், ஸ்டாக் வழக்கமாகக் கடைசியில். அவை இரண்டும் அசையக் கூடாது. இன்டரப்டைத் தடுத்துவிட்டுத்தான் மாற்றுகிறோமே என்று வாதாடினால், டிராப்பைத் தடுக்க முடியாது என்பதே பதில். நடு இரண்டு, 4000 முதல் பிஎஃப்எஃப்எஃப் வரை, மாறட்டும். பாங்க் ரெஜிஸ்டருக்குப் போர்ட் எண் தேர்வதற்கு முன் கிட்டின் டிகோடரைப் படிக்க வேண்டும். பல கிட்டுகளில் முகவரியை முழுவதும் டிகோடு செய்யாததால் ஒரே 8255 போர்ட் சிப் பல எண்களில் பதில் சொல்லும்.

எல்லாம் சரியா என்று எதோடு ஒப்பிடுவது? சிமுலேட்டர்கள் பல, மறைந்த கே, வி ஃப்ளாக்குகளைக் கண்டுகொள்வதில்லை. 8080-க்கான சோதனை நிரல்கள் ஃப்ளாக் பைட்டில் 1-ஆம் பிட் எப்போதும் 1, 5-ஆம் பிட் எப்போதும் 0 என்று எதிர்பார்க்கும். 8085-இல் அங்கேதான் வி-யும் கே-யும் இருக்கின்றன. ஆகவே பழுது பார்த்த கிட்டில் உள்ள அசல் சிப்தான் உரைகல். கூட்டலுக்கு 65,536 ஜோடிகளையும் இரண்டிலும் ஓட்டி, விடையும் ஃப்ளாக்கும் 9,600-இல் கணினிக்கு அனுப்பினால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். கேரி 1 வைத்து இன்னொரு முறை. எல்லாக் கணக்குக் கட்டளைகளுக்கும் இப்படிச் செய்து, ஒரு பிட்கூட மாறாமல் வந்தபின்தான் அதை 8085 என்று சொல்லலாம். கிட்டுகளைக் கண்டம் செய்துவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கு வழியே இருக்காது. எங்கள் மனவருத்தமெல்லாம் இதைப் பற்றியதுதான்.

பாகாயம் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியும், தொரப்பாடி அரசு பாலிடெக்னிக்கும், காட்பாடி வி.ஐ.டி.-யும் மனம் வைத்தால் மாவட்டத்தின் மற்றக் கல்லூரிகளுக்கு வழிகாட்டலாம். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டுக்கு இது நல்ல அளவு: ஒரு குழு பழுது பார்ப்பு, ஒரு குழு கோர், ஒரு குழு ஒப்பீடு. வேலை முடிந்த கோருக்கு உள்ளூரிலேயே பயன் உண்டு. தோல் தொழிற்சாலை டிரம்மை முன்னும் பின்னும் சுழற்றும் கட்டுப்பாடு ஒரு 8255-க்குள் அடங்கும். திசை மாறுமுன் டிரம் முழுவதும் நிற்கும் இடைவெளியைக் கட்டாயமாக்குவதே அதில் கவனிக்க வேண்டியது.

ஏலப் பட்டியல் தயாரிக்கும் அலுவலர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. கண்டம் என்று எழுதுமுன் ஒவ்வொரு கிட்டின் ஈப்ராமையும் படித்துச் சேமியுங்கள். சுற்றுப்படம் உள்ள கையேட்டை ஸ்கேன் செய்யுங்கள். பத்துக் கிட்டில் ஏழு தேறும், மூன்று தேறாது என்றால் அந்த மூன்றிலிருந்து 8085, 8255, 8279, 8253 ஐசிகளைக் கழற்றி உதிரியாக வையுங்கள். சென்னை ரிச்சி தெருவில் இன்று கிடைக்கும் 40-பின் ஐசிகளில் பெயரை அழித்து மாற்று அச்சிட்டவையும் கலந்து வருகின்றன. கழற்றி எடுத்த சிப்பே நம்பகமானது. மிஞ்சும் வெறும் போர்டுகளையும், குறிப்பாகக் காட்மியம் உள்ள பேட்டரிகளையும், பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டும் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மின்னணு ஆய்வகப் பணியில் உள்ளோர் சிலர்,
வேலூர்.